கஞ்சி போட்ட இறக்கை

மகளுக்கு ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தபோது அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகு பார்த்தால் அவளுடைய வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கிள்ளினால் வலிக்கிறது என்று அழுதாள். தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஊராரின் கதைகளைப் பொருட்படுத்தாமல் வாப்பா என்னை சீனியர் வகுப்பு வரை படிக்க வைத்திருந்தார். அதன் பலன், அந்தச் செய்தியை அன்றைக்கு நான் ஒருத்தியாக நின்று கேட்டுக்கொண்டதுதான். இது இளம்பிள்ளை வாதம் என்றார். கையில் கொஞ்சம் திரும்பி வரும், எவ்வளவு என்று சொல்ல முடியாது, வருவதெல்லாம் ஒரு வருஷத்துக்குள் வந்துவிடும், அதற்குப் பிறகு இருப்பதுதான் இருக்கும் என்றார். விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னார். நல்ல கையிலேயே பழகிவிட்டால் மற்றக் கை சோம்பிப்போகும் என்றும் சொன்னார்.

"நல்ல கையைக் கட்டி வைக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, "சிலர் கட்டுகிறார்கள்" என்றார். கட்டு என்றும் சொல்லவில்லை, கட்டாதே என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு சொற்களை இன்றுவரை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து என் பழைய முக்காட்டுத் துணி ஒன்றை நீளமாகக் கிழித்தேன். காலையில் இரண்டு மணிநேரம், பின்னேரம் கொஞ்சநேரம், சாப்பாட்டு வேளை முழுவதும் அவளுடைய இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். சாப்பாடுதான் பெரிய பிரச்சினை. பிஸ்மி சொல்லி வலது கையால் உண்ண வேண்டும் என்று நான்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன். இப்போது அவள் சோற்றைக் கூட்டிப் பிடித்து வாய்வரை தூக்குவதற்குள் பாதி மடியில் சிந்தும். நோயாளிப் பிள்ளைக்கு இடது கை குற்றமில்லை என்று பள்ளிவாசல் லெப்பையே சொன்னார். ஆனால் ஒருநாள் இவளைப் பெண் கேட்டு வருபவர்கள் முன்னால் இவள் இடது கையால் சோறு அள்ளுவதைக் கற்பனை செய்து பார்ப்பேன். பிறகு முடிச்சை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பேன்.

என் கணவர் அம்பாறைப் பக்கம் ஆற்றுத் திட்டத்து வேலைத்தளத்தில் வயர் வேலை செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமை பகல் லொறியில் வந்து ஞாயிறு பின்னேரம் திரும்புவார். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழிந்திருக்கும், ஒரு சனிக்கிழமை நீளமான அட்டைப் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர், கப்பலில் கொண்டுபோக இடமில்லை என்று கொடுத்துவிட்டுப் போனதாம்.

அடுத்த வளவில் இருக்கிற என் மூத்தவள், ராத்தா, சத்தம் கேட்டு வந்துவிட்டாள். பெட்டிக்குள் மெல்லிய பலகைகள், தீக்குச்சி அளவுச் சட்டங்கள், சுருட்டி வைத்த பெரிய படம், வெங்காயத் தோல் போல் ஒரு கடதாசி, கைக்குள் அடங்கும் எஞ்சின் ஒன்று, வயர் தொங்கும் இரண்டு பெட்டிகள். ராத்தா ஒரு பலகையை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன மச்சான் இது, பாரமே இல்ல? இதால ஒரு அகப்பக்காம்பு கூடச் செய்ய ஏலாதே."

"இது பல்சா மரம் மதினி. இதால ஏரோப்பிளேன் செய்யிற. கீழ நிண்டு பொத்தான அழுத்தினா மேல அது திரும்பும்."

"பறக்கிறதுக்குத்தானே எங்கட குசினியில கரப்பத்தான் இரிக்கி? அதுக்குப் பொத்தானும் தேவல்ல."

மகள் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அன்றுவரை அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இவள்ற விரலுக்குத்தான் கொண்டந்த. டொக்டர் வேல குடுக்கச் சொன்னாரெண்டு சொன்னீங்களே. கட்டுறதும் இவள்தான், பொத்தான் அழுத்துறதும் இவள்தான்."

"ஏலுமா?" என்றேன்.

"ஏலுமா ஏலாதா எண்டு பாக்கத்தானே."

படத்திலும் கூட வந்த விளக்கத் தாளிலும் இருந்ததெல்லாம் ஆங்கிலம். அவருக்கு வயரும் ரேடியோ வால்வும் தெரியும், வாசிக்க நான் வேண்டும். அவர் இல்லாத நாட்களில் நானும் மகளும் சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து உட்கார்ந்தோம். பிளேடால் வெட்டும் வேலை என்னுடையது. இறக்கைக்குள் வரிசையாக நிற்கும் விலாக்களை ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுப்பேன். அவள் அவற்றை மண்கடதாசியால் தேய்க்க வேண்டும், பிறகு படத்தின் கோட்டின்மேல் வைத்து, பசை காயும்வரை நகராமல் இருக்க இருபக்கமும் குண்டூசி குத்த வேண்டும்.

முதல் கிழமை ஒரு ஊசி கூட இறங்கவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஊசி நிற்காது, உருண்டு விழும். விழுந்ததைக் குனிந்து எடுப்பாள், மறுபடி விழும். என் கை மேசைக்குக் கீழே மடியில் கிடந்து துடிக்கும். அந்த ஊசியைக் குத்த எனக்கு ஒரு கணம் போதும். நான் குத்தினால் அவள் விரலுக்கு என்ன பயன்? குத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தால் நான் என்ன உம்மா? எழுந்து குசினி அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் அங்கிருந்து திரும்பி வந்தபோது ஒரு ஊசி நின்றுகொண்டிருந்தது. சரிந்துதான் நின்றது, ஆனால் நின்றது. மகள் அதைத் தொடாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அதன்பின் வேலை நகர்ந்தது. இடது இறக்கையை அவளே செய்தாள். ஊசிகள் எல்லாம் சரிவு, அதனால் விலாக்களும் கொஞ்சம் சரிந்தே நின்றன. அது எனக்குப் பொறுக்கவில்லை. சரிந்த இறக்கை பறக்காது என்று தாளில் வாசித்திருந்தேன். பறக்காவிட்டால் பிள்ளையின் மனம் விட்டுப்போகும், மனம் விட்டால் விரலும் நின்றுவிடும் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பயம் ஏறியது. அவள் குர்ஆன் ஓதப் போயிருந்த நேரத்தில் நாலைந்து ஊசிகளைப் பிடுங்கி நேராகக் குத்தினேன்.

ஓதிவிட்டு வந்தவள் மேசையைப் பார்த்தாள்.

"உம்மா, இது நான் குத்தின ஊசி இல்ல."

"எப்பிடித் தெரியும்?"

"இது நேரா நிக்கிது."

கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னாள். பிறகு அந்த ஊசிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். குத்துவதைவிடப் பிடுங்குவது அவளுக்குக் கஷ்டம், நகத்தால் நெம்பி நெம்பி எடுத்தாள். எடுத்துவிட்டுத் தன்னுடைய சரிவில் மறுபடி குத்தினாள். அன்றிலிருந்து நான் அந்த இறக்கையில் கை வைக்கவில்லை. வலது இறக்கையை வார இறுதியில் அவர் செய்தார், அது நேராக வந்தது.

விலாக்களின்மேல் கடதாசி ஒட்டி, அது முரசுத் தோல் போல இறுகுவதற்கு ஒரு வார்னிஷ் பூச வேண்டும். பெட்டியோடு வந்த வார்னிஷ் போத்தலைத் திறந்தபோது அடியில் மஞ்சள் கட்டி ஒன்றுதான் இருந்தது. வெயிலில் எப்போதோ வற்றிப்போயிருக்கிறது. கொழும்பில் கேட்டு எழுதலாம் என்றேன். அவர் சிரித்தார். அவருடைய தாய்வீடு மருதமுனை, தறியோடு பிறந்து வளர்ந்தவர்.

"கஞ்சி போடுவம். எங்கட உம்மா வாப்பாட நூலெல்லாம் கஞ்சியில தோய்ச்சுக் காயவெச்சா கம்பி மாதிரி நிக்கும். நூலுக்கு நிண்டது கடதாசிக்கு நிக்காதா?"

"தண்ணி கலந்த எதையும் பூச வேணாமெண்டு தாள்ல இரிக்கி."

"அந்தத் தாள எழுதினவன் நம்மட கஞ்சிய எங்க கண்டான்?"

தாளில் இருந்ததை இன்னொரு முறை வாசித்துப் பார்த்தேன். ஆனாலும் மருதமுனைத் தறியில் நெய்த சாரன் ஒன்று புதிதில் எப்படி விறைத்து நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பச்சரிசிக் கஞ்சியைக் காய்ச்சி வடித்துக் கொடுத்தேன். வலது இறக்கைக்கு அவர் பூசினார், இடது இறக்கைக்கு மகள் பூசினாள். பஞ்சை வலது கையால் பிடித்து, தோளையே அசைத்து அசைத்துப் பூசினாள். காய்ந்ததும் விரலால் தட்டினால் டும் என்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓம், நல்லாக வந்திருக்கிறது என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை இறக்கையின் ஓரத்தில் நிலவு வடிவில் ஒரு ஓட்டை. கரப்பான் தின்றிருந்தது.

"சொன்னன்தானே," என்றாள் ராத்தா, "பறக்கிற ரெண்டும் ஒண்ட ஒண்டு தேடிப் புடிச்சிற்று."

ஓட்டையை ஒட்டி, இறக்கைகளைக் கூரைக் கைமரத்திலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பிறகு அந்த வீட்டில் யாரும் நிமிர்ந்து நடக்கவில்லை.

பொத்தான் பழகுவதுதான் கடைசி வேலை. ஒரு பெட்டி விமானத்துக்குள், அதற்கு ரேடியோவில் செய்தி அனுப்பும் மற்றது நிலத்தில். நிலத்தில் வைக்கும் பெட்டியிலிருந்து ஒரு வயர் வரும், அதன் நுனியில் பொத்தான். ஒருமுறை அழுத்திப் பிடித்தால், பிடித்திருக்கும்வரை விமானம் வலப்பக்கம் திரும்பும். விட்டால் நேராகப் போகும். அடுத்தமுறை அழுத்தினால் இடப்பக்கம். ஆகவே வலப்பக்கம் போகும்போது கை நழுவி, பதறிப்போய் மறுபடி அழுத்தினால் அது எதிர்ப்பக்கம் போய்விடும். "விடாமப் புடிக்கணும். அதான் முழு வித்தையும்" என்றார் அவர்.

பொத்தானின் வில் இறுக்கமானது. மகள் எவ்வளவு நேரம் பிடிக்கிறாள் என்று பார்க்க வீட்டில் வேறு மணிக்கூடு தேவைப்படவில்லை. அவளே தொழுகையில் ஓதும் அல்ஹம்து சூறாவை ஓதிக்கொண்டு பிடிப்பாள். முதலில் பிஸ்மி முடிவதற்குள் பெருவிரல் வழுகிவிடும். பிறகு முதல் ஆயத் வசனம்வரை, பிறகு இரண்டாவதுவரை. பாதிச் சூறாவில் நீண்ட நாட்கள் நின்றுபோனாள். நான் குசினியில் நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். டொக்டர் சொன்ன வருஷம் முடிந்துகொண்டு வந்தது. சூறா முடிந்து ஆமீன் சொல்லும்வரை பிடித்துவிட்டாள் என்றால் கை வந்துவிடும் என்று எனக்குள் நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பெரும்போக அறுவடை முடிந்தபின் ஒரு ஞாயிறு, மாவடிப்பள்ளிப் பக்கம் இருந்த ராத்தா வீட்டுக்காரரின் வயலுக்கு வண்டிலில் போனோம். விடியற்காலைப் பனி. வைக்கோல்மேல் விமானத்தைக் கிடத்தி, சாரன் ஒன்றால் போர்த்தியிருந்தோம். வயலில் இறக்கி எடுத்தபோது கடதாசி ஈரத்தில் தளர்ந்து சுருங்கியிருந்தது. அவர் தட்டிப் பார்த்தார். டும் என்ற சத்தம் இல்லை.

"வெயில் வரட்டும், காஞ்சிரும்" என்றார்.

காய்ந்தது. காய்ந்தபோது இடது இறக்கையின் நுனி கொஞ்சம் முறுகியது போல எனக்குத் தெரிந்தது. சொன்னேன். அவரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்றார்.

மகளுடைய இடது கையை வழக்கம்போல் கட்டினேன். பக்கத்தில் நின்ற ராத்தா ஏசினாள்: "இண்டைக்காவது அந்தப் புள்ளைய அவுத்து உடன்டி." இன்றைக்குத்தான் அவிழ்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு நாளும் கட்டியதே இந்தப் பொத்தானுக்காக என்பதுபோல.

அவர் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றினார். ஈதரும் ஆமணக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் சேர்ந்த மணம் எழுந்ததும் மகள் என்னோடு ஒட்டிக்கொண்டாள். "ஆசுபத்திரி மணம்" என்றாள். அவர் விசிறியை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். கடைசியில் எஞ்சின் வெறிபிடித்த வண்டு மாதிரிக் கத்தியது. அவர் அதைத் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு ஓடினார். நானும் மகளும் பெட்டியின் பக்கத்தில் நின்றோம். ராத்தா வரம்பில் நின்று முக்காட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அது போனது. அவருடைய கையிலிருந்து தானாகவே கழன்று, வரம்புகளுக்கு மேலாக, தென்னை உயரத்துக்கும் மேலே. என் மேசையில் படுத்திருந்த பொருள் அது என்று நம்ப முடியவில்லை. மகள் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

பிறகு அது இடது பக்கம் சரியத் தொடங்கியது. இடது பக்கம்தான் ஆறு. பன்புல்லும் சேறும், இறங்கி எடுக்க முடியாத தண்ணீர்.

"அழுத்து மகள்!" அவர் தூரத்திலிருந்து கத்தினார். "அழுத்திப் புடி! உட்றாத!"

அழுத்தினாள். விமானம் தயங்கி, மெல்ல மெல்ல ஆற்றிலிருந்து முகத்தைத் திருப்பியது. ஆனால் அந்த இறக்கை அதை இடப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. பொத்தானை விட்டால் அது ஆற்றுக்கே திரும்பிவிடும் என்று பார்க்கவே தெரிந்தது. பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் ஓதத் தொடங்கினாள். சத்தமாக, ஓதப்பள்ளியில் ஓதுவதுபோல. நானும் கூடவே ஓதினேன். அவள் வழக்கமாக நிற்கும் பாதிச் சூறா வந்தது. அதைத் தாண்டினாள். அடுத்த ஆயத்தில் பெருவிரல் வெளுத்து நடுங்கியது. நகத்தின் ஓரம் பொத்தானிலிருந்து வழுகுவதைக் கண்ணால் கண்டேன்.

என் கை தானாகவே போனது.

"உம்மா தொடாதீங்க!" என்றாள். ஓதல் நின்றுவிட்டது. "அவுத்து உடுங்க! கெதியா அவுத்து உடுங்க!"

நான் போட்ட முடிச்சு அது, எவ்வளவு இறுக்கமாகப் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. நகம் பிய்ந்தது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். துணி கழன்றதும் அவளுடைய இடது கை வந்து, இடது பெருவிரல் வலது பெருவிரலின்மேல் அமர்ந்தது. வலது விரலை அவள் எடுக்கவில்லை. அதன்மேலேயே வைத்து அழுத்தினாள்.

விமானம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலின் நடுப்பக்கம் வந்தது. நான் விட்ட இடத்திலிருந்து ஓதி முடித்தேன். அவள் ஆமீன் என்று சொன்னாள், அப்போதும் விடவில்லை. எண்ணெய் தீர்ந்து எஞ்சினின் சத்தம் அறுந்தது. அது வழுக்கிக்கொண்டு இறங்கி, அறுத்த நெல்லின் ஒட்டுத்தாளின்மேல் ஓடி, இடது இறக்கை வரம்பில் மோதி முறிந்து நின்றது.

"உடு மகள், போதும், உடு" என்று சொல்லிக்கொண்டே அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் பக்கத்தில் வந்து இரண்டு விரல்களையும் எடுத்துவிட வேண்டியிருந்தது.

வரம்பில் இருந்து சாப்பிட்டோம். ராத்தா கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சலைப் பிரித்து மகளின் முன் வைத்தாள். துணி என் கையில் இருந்தது. மகள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் அதை மடித்து இடுப்பில் செருகினேன். அவள் பிஸ்மி சொல்லி, வலது கையால் சோற்றைக் கூட்டி, இடது கையை முழங்கைக்குக் கீழே கொடுத்து, தூக்கி வாயில் வைத்தாள். ஒன்றும் சிந்தவில்லை.

"வலக்கையாலதான் தின்றாள்" என்றாள் ராத்தா என்னிடம். "இன்னும் என்னடி வேணும் உனக்கு?"

 அதன்பின் நான் அவள் கையைக் கட்டவில்லை. டொக்டர் சொன்ன வருஷம் கழிந்தது. வந்த அளவோடு கை நின்றுவிட்டது. இப்போது எழுதுவது இடது கையால், உண்பது வலது கையால், கீழே இடது கையின் தாங்கல். இன்னும் சில மாதம் கட்டியிருந்தால் தாங்கல் இல்லாமலே தூக்கியிருப்பாளோ என்று சில பகல்களில் தோன்றும். கட்டாமலே விட்டிருந்தாலும் இவ்வளவு வந்திருக்குமோ என்று வேறு சில பகல்களில் தோன்றும். கேட்கப் போக யாரும் இல்லை.

முறிந்த இறக்கையைச் சரிசெய்ய அவர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தார். கடதாசியை உரித்து எடுத்தபோது உள்ளே விலாக்கள் தெரிந்தன. முறியாத பகுதியிலும் அவை ஒரே பக்கமாகச் சரிந்து நின்றன. பக்கத்தில் குண்டூசிகளின் துளைகள், அவையும் சரிவு. மூன்று பேரும் பார்த்தோம். மகள் ஒரு துளையை விரலால் தொட்டாள்.

"இதாலயா வாப்பா ஆத்துப் பக்கம் போன?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உரித்த கடதாசியை எடுத்து, ஈரம் பட்டு நொய்ந்திருந்த ஓரத்தைக் கசக்கிக் காட்டினார்.

"இல்ல மகள். கஞ்சிதான். உங்கட உம்மா அண்டைக்கே வாசிச்சுச் சொன்ன, நான்தான் கேக்கல்ல."

"கஞ்சிதான்" என்றேன் நானும்.

அவள் யோசித்தாள். பிறகு ஊசிப் பெட்டியை இடது கையால் திறந்து, வலது கையால் ஒன்றை எடுத்தாள்.

"அப்ப அடுத்த முற கஞ்சி வேணாம்" என்றாள்.